தனித்தனியாக நன்றாக இருந்த கலியமூர்த்தி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், ஒருவர் இருதயம் என்கிறீர்கள், ஒருவர் குடல் என்கிறீர்கள், ஒரு பெண் முழங்கால் மட்டும் போதும் என்கிறாள். தாராளமாகப் படியுங்கள். நான் படித்தது பொது மருத்துவம். அதாவது எந்த உறுப்பும் எனக்குச் சொந்தமில்லை. ஓர் ஆளை எந்தத் துறையும் ஏற்றுக்கொள்ளாவிட்டால் என் வார்டுக்குத் தள்ளிவிடுவார்கள். கடலூரில் அப்படித் தள்ளிவிடப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைத்தது. அவர்களில் ஒருவரைப் பற்றி இன்றைக்குச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். என் சிநேகிதிகள் சிலர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

2011 கடைசியில் ஒரு புயல் அடித்தது. உங்களில் பலர் பள்ளிக்கூடம் லீவு என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கடலூரில் கரண்ட் இல்லை, போன் இல்லை. ஜெனரேட்டருக்கு இருந்த டீசலை ஆபரேஷன் தியேட்டருக்கென்று ஒதுக்கிவிட்டதால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பெரிய கேஸ் வந்தால் சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிப்பது எங்கள் வழக்கம். அந்த வழியும் மரம் விழுந்து அடைத்துக் கிடந்தது. ஆக, என்ன வந்தாலும் நாங்களேதான் பார்க்க வேண்டும்.

புயலுக்கு மறுநாள் காலையில் ஒரு டிராக்டரில் போட்டுக் கலியமூர்த்தியைக் கொண்டுவந்தார்கள். பண்ருட்டிக்குப் பக்கத்தில் பலாத்தோப்பு வைத்திருந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு இல்லை, கண் செருகியிருந்தது, வழியெல்லாம் வாந்தி. கூட வந்தவர்கள் மனைவி அஞ்சலை, அஞ்சலையின் தம்பி ராஜவேலு. ராஜவேலு வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"மாமா மருந்து குடிச்சிட்டாரு சார். தோப்பு மொத்தமும் படுத்துடுச்சி. அந்தத் துக்கம் தாங்கல."

நம் ஊரில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. நாம் கொடுப்பதும் மருந்துதான், பயிருக்குத் தெளிப்பதும் மருந்துதான். எந்த மருந்து என்று இங்கே யாரும் கேட்கத் தேவையில்லை. அவருடைய வேட்டியிலிருந்து பூச்சிமருந்து வாடை குப்பென்று அடித்தது.

அன்றைக்கு கேஷுவால்ட்டியில் இருந்தவர் பிரபாகர். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நல்ல பையன். கை வேகமானது, மூளையைவிடக் கொஞ்சம் வேகமானது. வாடையை மோந்தார், கதையைக் கேட்டார், பூச்சிமருந்து விஷத்துக்கு மாற்றான அட்ரோபின் ஊசியை ஏற்றிவிட்டார். நான் வார்டிலிருந்து இறங்கி வந்தபோது வயிற்றைக் கழுவுவதற்குக் குழாயோடு நின்றுகொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மரம் போன விவசாயி, மருந்து வாடை, வாந்தி, மயக்கம். நீங்களும் அதையேதான் செய்திருப்பீர்கள். நானேகூட அங்கே முதலில் நின்றிருந்தால் செய்திருப்பேன்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அக்காளும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டேய், நீ பாத்தியா அவரு குடிச்சத? பாத்தியா?"

"பாக்கணுமாக்கா? வாடை அடிக்குதுல்ல."

"கொட்டாய் சரிஞ்சி மருந்து டின்னு மேல வுழுந்துச்சி. ஸ்ப்ரேயர எடுக்கறன்னு உள்ள பூந்து மேலெல்லாம் ஊத்திக்கிட்டாரு. நான் பக்கத்துல நின்னன். இவன் ஊரு முழுக்க டமாரம் அடிச்சிட்டு வந்துருக்கான் டாக்டரம்மா."

இதற்குள் வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றிருந்தார். புயலில் நனைந்த தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் வாக்குமூலம் தருவாரா, அதற்குள் போய்விடுவாரா என்று விசாரித்தார். அவருக்கும் அன்றைக்கு நிறைய வேலை.

நான் முதலில் பார்த்தது கண்மணியை. பூச்சிமருந்து உள்ளே போயிருந்தால் கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும், எச்சில் ஒழுகும், வியர்வை கொட்டும், நாடி மெதுவாகும். இவருக்குக் கண்மணி விரிந்திருந்தது, நாக்கு காய்ந்திருந்தது, நாடி ஓடியது. விஷமில்லை என்று சொல்லிவிடலாமா என்றால் முடியாது. அட்ரோபின் செய்வதும் இதே வேலையைத்தான். கண்ணை விரிக்கும், வாயை உலர்த்தும், நாடியை ஓட்டும். நாம் போட்ட ஊசியே நம் சாட்சியை அழித்துவிட்டது.

"ஊசி போடறதுக்கு முன்னாடி கண்ணு எப்படி இருந்துச்சு பிரபாகர்?"

"டார்ச்சுல பேட்டரி தீந்து போச்சு மேடம். பாக்கல."

இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். சின்னதா இருந்த மாதிரிதான் இருந்துச்சு என்று மழுப்பியிருந்தால் கலியமூர்த்தி அன்றைக்கே போய்ச் சேர்ந்திருப்பார். நீங்கள் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். பெரிய டாக்டர்கள் முறைப்பார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும்.

இரத்த அழுத்தம் எழுபதைத் தாண்டவில்லை. சலைன் பாட்டில்கள் இறங்கிக்கொண்டிருந்தன, அழுத்தம் மட்டும் ஏறவில்லை. அட்ரோபின் போட்டவருக்கு அழுத்தம் இப்படிப் படுத்துக்கிடக்காதே என்பது என்னை உறுத்தியது. பேட்டரியில் ஓடும் கருவி இருந்ததால் சர்க்கரையைப் பார்த்தோம். ஐம்பதுக்குக் கீழே. அதற்கு குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரபாகர் என்னைப் பார்த்த பார்வையில், ஆள் சாகும்போது இந்தம்மா கதை கேட்கிறார்களே என்று எழுதியிருந்தது.

"புயலுக்கு முன்னாடி எப்படிம்மா இருந்தாரு?"

"எங்க இருந்தாரு? ஆறேழு மாசமா மனுசன் சரியில்ல. சாப்ட்டா கொமட்டுதும்பாரு. எழுந்தா தல சுத்துதும்பாரு. நாளுக்கு நாள் மெலிஞ்சிட்டே வந்தாரு. நாங்க பாக்காத டாக்டரா?"

பிறகு அவள் சொன்னாள், நான் கேட்டேன். குமட்டலுக்கு வயிற்று டாக்டரிடம் போயிருக்கிறார்கள். குழாயை விட்டுப் பார்த்து, வயிறு சுத்தமாக இருக்கிறது, அசிடிட்டிதான் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். உடம்பு கறுத்துக்கொண்டே வந்ததால் தோல் டாக்டர். வெயிலில் அலையாதீர்கள், குடை பிடியுங்கள் என்று களிம்பு. குடை பிடித்துக்கொண்டு பலாமரம் ஏறுவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. தலைசுற்றலுக்குச் சிதம்பரத்தில் இருதய டாக்டர். எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, இப்படி ஓர் இருதயம் எனக்கு இருந்தால் சந்தோஷப்படுவேன் என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கிறார். கடைசியில், எதிலும் பிடிப்பில்லாமல் படுத்தே கிடக்கிறாரென்று மனநல டாக்டர். அவர் கொடுத்த மாத்திரையில் இன்னும் நன்றாகப் படுத்துக்கிடந்திருக்கிறார்.

"அப்புறம் இந்த உப்பு எழவு வேற."

"என்ன உப்பு?"

"கல்லுப்ப வாயில போட்டு மெல்லுவாரு டாக்டரம்மா. கருவாட்ட அலசாமக் கொழம்பு வையின்னுவாரு. ஊறுகா பாட்டில் ரெண்டு நாள் தாங்காது. பிரசர் வந்துடும்னு சொல்லி உப்புப் பானைய நான் ஒளிச்சே வச்சேன்."

எழுந்து போய்க் கலியமூர்த்தியின் உள்ளங்கையை விரித்தேன். பிறகு ராஜவேலுவைக் கூப்பிட்டேன்.

"நீயும் அதே தோப்புலதானே வேலை செய்யற?"

"ஆமாங்க. மாமாவவிட நான்தான் ஜாஸ்தி வெயில்ல நிப்பேன்."

"கைய நீட்டு."

இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ராஜவேலு கறுப்பான ஆள். ஆனாலும் அவன் கைரேகைகள் நம் எல்லோருக்கும் இருப்பது மாதிரி வெளுப்பாக ஓடின. கலியமூர்த்தியின் ரேகைகள் மையால் கோடு போட்டதுபோல் கறுத்திருந்தன. முழங்கையில் புதிதாக ஆறிய ஒரு தழும்பும் கருகருவென்று இருந்தது. வெயில் உள்ளங்கைக் கோட்டுக்குள் புகுந்து கறுக்கவைக்காது.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி இரண்டு சுரப்பிகள் உண்டு. பரீட்சைக்குப் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள். நமக்கு ஓர் ஆபத்து வந்தால் மூளை சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு இந்தச் சுரப்பிகள் கொஞ்சம் சாற்றை இரத்தத்தில் விடும். அது போய்ச் சேர்ந்தால்தான் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும், இரத்தக்குழாய்கள் இறுகி நிற்கும், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உப்போடு தண்ணீரும் தங்கும், இருதயத்துக்குத் தள்ளுவதற்கு இரத்தம் இருக்கும். கலியமூர்த்திக்கு அந்தச் சுரப்பிகள் மாதக்கணக்காகச் செத்துக்கொண்டிருந்தன. மூளை ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குத் தோலைக் கறுக்கவைக்கும் கெட்ட பழக்கம் உண்டு. உப்பு ஓட்டை வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் கல்லுப்பை மென்று எப்படியோ காலம் தள்ளியிருக்கிறார். அஞ்சலை பாசத்தோடு பானையை ஒளித்தாள். அதற்குமேல் புயல் வந்தது. ஒரு ராத்திரி முழுக்கத் தோப்பு சாய்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு உடம்பில் எவ்வளவு சாறு வேண்டும் என்று யோசியுங்கள். அவரிடம் ஒரு சொட்டுகூட இல்லை.

வயிறு நன்றாக இருந்தது, இருதயமும் நன்றாக இருந்தது. அந்த இரண்டு டாக்டர்களும் சொன்னது சரி. ஆள் மட்டும் செத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் என் மூளையில் ஓடியதுதான். கையில் ஒரு பரிசோதனை முடிவுகூட இல்லை. ஈ.சி.ஜி. மட்டும் பேட்டரியில் எடுத்தோம். அலைகள் கூடாரம் அடித்ததுபோல் உயர்ந்து நின்றன. உப்பை ஒழுகவிடும் சிறுநீரகம் பொட்டாசியத்தைத் தேக்கிவிடும், அது ஏறியிருக்க வேண்டும். அதுவும் என் கதைக்குப் பொருந்தியது. ஆனால் நம் மனதில் ஒரு கதை உருவாகிவிட்டால் சுவரில் ஊரும் பல்லியும் அதற்குப் பொருந்தத்தான் செய்யும்.

"ஹைட்ரோகார்டிசோன் எடுங்க" என்றேன். அந்தச் சாற்றையே ஊசியாக்கிய ஸ்டீராய்டு மருந்து அது.

பிரபாகர் அசையவில்லை. "மேடம், விஷமா இருந்தா? அட்ரோபின நிறுத்திட்டு ஸ்டீராய்டு போட்டோம்னு வெளிய தெரிஞ்சா? போலீஸ் வேற நிக்குது."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாளைக்கு உங்களுக்கும் வரும். அப்போது நான் நினைத்ததைச் சொல்கிறேன். நான் சொல்வது தப்பாக இருந்து இந்த ஊசியைப் போட்டால் என்ன கெட்டுப்போகும்? ஒரு ஊசியில் பெரிதாக ஒன்றும் கெடாது. நான் சொல்வது சரியாக இருந்து போடாமல் விட்டால்? சாயங்காலத்துக்குள் பிணம். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. எந்தத் தப்பைத் திருத்த முடியும் என்பது தெரியும்.

"அட்ரோபின நிறுத்தச் சொல்லலியே. சிரிஞ்சுல ஏத்தித் தலமாட்டுல வைங்க. சிஸ்டர் பக்கத்துலயே உக்காரட்டும். வாயில எச்சில் ஊறினா, நெஞ்சுல களகளன்னு சத்தம் கேட்டா, யாரையும் கேக்காமப் போடுங்க. அந்தக் குழாய மட்டும் கீழ வச்சிடுங்க. மயக்கத்துல இருக்கறவர் வயித்தக் கழுவினா பாதி நுரையீரலுக்குப் போயிடும்."

ஊசி போட்டோம். ஆஸ்துமாக்காரர்களுக்காக வைத்திருந்த மருந்துதான். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்த வேலையில் மிகக் கஷ்டமானது அந்த நேரம்தான். கை சும்மா இருக்கும், ஏதாவது செய் என்று மனம் அரிக்கும். பிரபாகர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். ராஜவேலு வாசலில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்குக் கதையை இன்னும் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதில் இப்போது பாட்டிலின் மூடி நிறம்வரை வந்திருந்தது. அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பயம்தான். ஐம்பது வயதுக்கு மேல் அனுபவம் வந்துவிடும், பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகத்தில் காட்டாமல் இருக்க மட்டும் பழகிவிடும்.

மதியம் தாண்டி அழுத்தம் எழுபதிலிருந்து எண்பதானது. கருவி பொய் சொல்கிறதென்று பிரபாகர் வேறு கருவியைக் கொண்டுவந்து கட்டினார். அதில் தொண்ணூறு. எச்சில் ஊறவில்லை, நெஞ்சில் சத்தமில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் கலியமூர்த்தி கண்ணைத் திறந்தார். எதிரில் ராஜவேலு துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"ஏன் மச்சான் அழுவற? யாரு செத்தா?"

போலீஸ்காரர்தான் முதலில் சிரித்தார்.

மறுநாள் அவர் தெளிவாக இருந்தபோது எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டேன். நோய் கிடைத்துவிட்ட பெருமையில் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

"குடிக்கலன்னு எனக்குத் தெரியும். குடிக்கணும்னு நெனச்சீங்களா?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"எங்கப்பாரு வச்ச மரம் டாக்டரம்மா. வுழுந்து கெடக்கறதப் பாத்துட்டு நெனைக்காம இருப்பனா? ஆனா டின்னு வரைக்கும் நடக்கத் தெம்பு வேணும்ல. கொட்டாய்க்குள்ள போயி அதத் தூக்கலாம்னு பாத்தன். ஸ்ப்ரேயர்தான் கைல வந்துச்சி. மேலெல்லாம் ஊத்திக்கிட்டு அங்கயே வுழுந்துட்டன்."

ராஜவேலு சொன்னது முழுப் பொய் இல்லை, அஞ்சலை சொன்னதும் முழு உண்மை இல்லை. அந்த மனநல டாக்டரைப் பற்றி நான் கேலி பேசிக்கொண்டிருந்தேனே, அவர் பார்த்ததும் இருந்ததுதான். அந்தச் சாறு இல்லாத உடம்பில் மனமும் சேர்ந்துதான் படுத்துக்கிடந்தது. மனதுக்கு மட்டும் தனிக் கட்டில் கிடையாது. போன் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதும் அவரையே கூப்பிட்டேன். அவர் வந்து கலியமூர்த்தியிடம் அரை நாள் உட்கார்ந்து பேசினார். கலியமூர்த்தியின் சம்மதத்தோடு அஞ்சலையிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னோம். அவள் அழவில்லை. வீட்டுக்குப் போனதும் கொட்டகையில் மிச்சம் இருந்த டின்களை அப்புறப்படுத்திவிட்டு உப்புப் பானையை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தாள்.

வழி திறந்ததும் சிதம்பரத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தோம். இரண்டு சுரப்பிகளும் வீங்கிக் கட்டிகட்டியாக இருந்தன. காசநோய். பல வருஷங்களுக்கு முன் நெஞ்சில் வந்து, பாதி வைத்தியத்தில் விடப்பட்ட நோய் சத்தமில்லாமல் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. காசநோய்க்கு மாத்திரை, சுரப்பி தராத சாற்றுக்குத் தினமும் மாத்திரை. பின்னது ஆயுள் முழுக்க. அவ்வளவுதான் வைத்தியம்.

2012 தொடக்கத்தில் சிதம்பரத்தில் டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அவரையே மேடைக்கு அழைத்துப் போனேன். குடல், தோல், இருதயம், மனம் என எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து அவரவர் துறைக்கு வக்கீலாகப் பேசினார்கள். எல்லாம் முடிந்து, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கலியமூர்த்தியிடம் மைக்கை நீட்டினார்கள். அவர் எழுந்து கைகூப்பினார்.

"ஒண்ணுல்லிங்க. ஆளாளுக்குப் பாத்து நல்லா இருக்கேன்னுதான் அனுப்புனீங்க. சேத்து வச்சா மட்டும் எப்புடிச் சாவப் போனேன்னு யாராச்சும் சொல்லுங்க."

அதற்குள் டீ வந்துவிட்டது.

அந்த வருஷம் வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பண்ருட்டியில் மண்டபம். பத்திரிகை வைக்க வந்த அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வேண்டுதல் வைத்தாள்.

"மாப்ள வூட்டுக்காரங்க வரைக்கும் பேச்சு போயிருக்குது. மருந்து குடிச்ச ஆளுன்னு. நீங்க பந்தியில உக்காந்து நாலு பேரு காதுல வுழற மாதிரி உண்மையச் சொல்லணும் டாக்டரம்மா. நீங்க சொன்னா நம்புவாங்க."

போனேன். பந்தியில் என் பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவரே ஆரம்பித்தார். "பாவம், மருந்து குடிச்சிப் பொழச்ச மனுசன். பொண்ணு கல்யாணத்தப் பாக்கக் குடுத்து வச்சிருக்காரு."

நான் சாம்பார் சாதத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு விளக்கினேன். கிட்னிக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி, அதிலிருந்து ஒரு சாறு, உப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயம் என்று இலையில் இருந்த கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாவற்றையும் உறுப்புகளாக வைத்துச் சொன்னேன். வகுப்பில்கூட அவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை. அவர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். பிறகு அந்தப் பக்கத்து இலைக்காரரிடம் திரும்பினார்.

"கேட்டியா, மருந்து கிட்னி வரைக்கும் எறங்கிடுச்சாம். இந்த டாக்டரம்மாதான் எடுத்து வுட்டுருக்காங்க."

ரசவாளியோடு பந்தியில் வந்துகொண்டிருந்த கலியமூர்த்தி இதைக் கேட்டுவிட்டார். நிறம் வெளுத்து, கன்னத்தில் சதை வைத்து, நல்ல புது வேட்டியில் இருந்தார். நான் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள் என் இலை பக்கமாகக் குனிந்தார்.

"வுட்டுடுங்க டாக்டரம்மா. அஞ்சலை சொன்னான்னு கஷ்டப்படாதீங்க. மருந்து குடிச்சவன்னு பேரு வந்ததுலேருந்து வூட்டுல என் பேச்சுக்கு எதுர்ப்பேச்சு கெடையாது. சம்பந்தி எதக் கேட்டாலும் சரிங்கறாரு. மச்சான் என்னைப் பாத்தா பீடிய அணைக்கறான். நீங்க பாட்டுக்கு உண்மையச் சொல்லிக் கெடுத்துடாதீங்க. ரசம் ஊத்தட்டுமா?"